தனியார் கிளினிக்குக்கு மேலாண்மை மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மருத்துவர் ஒருவர் தனியாகவோ, நான்கைந்து பேர் கூட்டாகவோ நடத்தும் புறநோயாளிக் கிளினிக்குகளுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. படுக்கை வசதியுள்ள மருத்துவமனைகளின் தேவைகள் வேறு. அவை இங்கே பேசப்படவில்லை.

எங்களுக்கு நோட்டும் பேனாவும் போதுமானதாகவே இருக்கின்றன. மென்பொருள் கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நாளொன்றுக்கு இருபது முப்பது பேர் வந்து, அவர்களில் பெரும்பாலோரை மருத்துவருக்கு முகம் பார்த்தே தெரியும் என்றால், ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு எந்த மென்பொருளுக்கும் குறைந்ததல்ல. இரண்டாவது மருத்துவர் சேர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டிவரும்போதுதான் தேவை எழுகிறது. பழைய சீட்டைத் தொலைத்துவிட்டு வரும் சர்க்கரை நோயாளிக்குச் சென்ற ஆண்டு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாதபோதும், இரவு கல்லாவை எண்ணுகையில் ரொக்கமும் யு.பி.ஐ. வரவும் டோக்கன் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாதபோதும் எழுகிறது. இவற்றில் எது உங்கள் தலைவலி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்கப்பட்ட மென்பொருள் கடைசியில் பில் அச்சிட மட்டுமே பயன்படுவது பல இடங்களில் காணும் காட்சி.

விற்பனையாளர்கள் காட்டும் டெமோவை வைத்து முடிவெடுக்கலாமா?

டெமோவில் வரும் நோயாளி ஒழுங்கானவர். முன்பதிவு செய்து, நேரத்துக்கு வந்து, சரியான கட்டணத்தை ஒரே தவணையில் கட்டிவிட்டுப் போவார். உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அப்படியல்ல. ஆகவே டெமோவுக்கு நாள் குறிப்பதற்கு முன், கூட்டம் அதிகமுள்ள ஒரு திங்கட்கிழமை மாலை ரிசெப்ஷனில் பணியாளரின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டாம் டோக்கன்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் திரும்பி வந்ததும் எங்கே நுழைப்பது? மருத்துவர் உள்ளிருந்தபடியே 'இவரிடம் பணம் வாங்க வேண்டாம்' என்பார். ஐந்நூறு ரூபாயில் முந்நூறைக் கையிலும் இருநூறை ஜிபேயிலும் ஒருவர் கொடுப்பார். ஐந்து நாளுக்குள் மறுபடி வந்தால் கட்டணம் இல்லை என்பது உங்கள் வழக்கமாக இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் ஞாயிறாகிவிட்டதால் திங்களன்று வந்தவருக்கு என்ன செய்வது?

இந்தக் குறிப்பை விற்பனையாளரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர் செய்துகாட்டிய பிறகு விசைப்பலகையை உங்கள் ரிசெப்ஷன் பணியாளரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மென்பொருளை நாள் முழுவதும் கையாளப்போகிறவர் அவர்தான். மருத்துவர் மட்டும் டெமோ பார்த்துத் தேர்ந்தெடுத்த மென்பொருளுக்குப் பக்கத்தில் மூன்றே மாதத்தில் பழைய நோட்டு மீண்டும் முளைத்துவிடும். 'அடுத்த பதிப்பில் வந்துவிடும்' என்ற பதிலை 'இல்லை' என்றே எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

நோயாளியின் பெயர், வயது, தொலைபேசி எண்ணைப் பதிவதில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?

பிற்காலத்துத் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது என்பதால், இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த திரைக்குப் போக முடியும் என்று வைத்திருக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் வழக்கத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலோருக்கு இல்லை. காலைப் பணியாளர் அந்தக் கட்டத்தில் தலைப்பெழுத்தைப் போடுவார். மாலைப் பணியாளர் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ போடுவார். அவசரத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்பவரும் உண்டு. இப்படியாக ஒரே பெண்மணி 'செல்வி கே', 'கே செல்வி', 'செல்வி கருப்பசாமி' என மூன்று நோயாளிகளாகிவிடுகிறார். அவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு என்பது முதல் பதிவில் இருக்கும்; மருத்துவர் இன்று திறந்திருப்பது மூன்றாவது பதிவாக இருக்கும். ஆங்கில எழுத்தில் பதிவதால் வரும் சிக்கல் தனி: ஜெயந்திக்கு ஒருவர் 'ஏ' போடுவார், இன்னொருவர் 'இ' போடுவார்.

தொலைபேசி எண்ணை வைத்துத் தேடினால் தீர்ந்துவிடும் என்பார்கள். பாதிதான் தீரும். ஒரு வீட்டில் ஒரே எண்ணைத் தாத்தா முதல் பேத்திவரை எல்லோரும் கொடுப்பார்கள். ஓர் எண்ணுக்கு ஒரே நோயாளி என்று கட்டுப்படுத்தும் மென்பொருளில், ரிசெப்ஷன் பணியாளர் வேறு வழியின்றி ஒரு பொய் எண்ணைத் தட்டிவிடுவார். பிறகு ஆய்வக முடிவு யாருக்கோ போய்ச் சேரும். ஆகவே ஓர் எண்ணின் கீழ்ப் பலரைப் பதிய முடிகிறதா, குடும்பப்பெயர்க் கட்டத்தை விருப்பக் கட்டமாக மாற்ற முடிகிறதா, எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களைத் தேடலில் காட்டுகிறதா, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக இணைக்க முடிகிறதா, தவறாக இணைத்துவிட்டால் பிரிக்க முடிகிறதா என்பவற்றை நீங்களே செய்துபாருங்கள்.

வயதிலும் ஒரு சங்கதி உண்டு. பிறந்த தேதி தெரியாத முதியவருக்கு அறுபத்திரண்டு என்று பதிந்தால், அடுத்த ஆண்டும் அறுபத்திரண்டாகவே நிற்கும் மென்பொருளும் இருக்கிறது; தானாகவே ஜனவரி 1-ஐப் பிறந்த நாளாக்கிவிடுவதும் இருக்கிறது. பின்னது பரவாயில்லை, அது தோராயமானது என்ற குறிப்பு திரையில் தெரிய வேண்டும். குழந்தைகள் நல மருத்துவருக்கு இது போதாது. வயது மாதத்திலும் நாளிலும் வேண்டும், எடையைக் கொண்டு மருந்தளவைக் கணக்கிடும் வசதியும் வேண்டும்.

கிளவுட் மென்பொருள் (இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரில் இயங்குவது) நல்லதா, எங்கள் கணினியிலேயே இயங்குவது நல்லதா?

இணைய இணைப்பு இரண்டு வழிகளில் இருந்தால், அதாவது ஃபைபர் அறுந்தால் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்ட முடியும் என்றால், சிறு கிளினிக்குக்குக் கிளவுடே பொருத்தம் என்பது என் கருத்து. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் தினமும் பேக்கப் எடுக்கிறார்கள், எடுத்ததைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் திருப்தியாக இராது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கியபோது, நாட்டின் முதன்மையான அந்த மருத்துவமனையே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஓ.பி. பதிவையும் ஆய்வக வேலைகளையும் கையால் நடத்த வேண்டியிருந்தது. கிளினிக்கின் மேசைக்கடியில் இருக்கும் கணினி அதைவிடப் பாதுகாப்பானது என்று நம்பக் காரணம் இல்லை.

சொந்தக் கணினிதான் என்று முடிவெடுத்தால், பேக்கப் தாங்கிய ஒரு வட்டை எப்போதும் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைத்திருங்கள். செருகியே இருக்கும் வட்டை, கோப்புகளைப் பூட்டும் தீம்பொருள் சேர்த்தே பூட்டிவிடும். கிளவுட் என்றால், இணைப்பு போன நேரத்தில் குறைந்தபட்சம் அன்றைய டோக்கன் பட்டியலாவது திரையில் நிற்கிறதா என்பதை டெமோவின் நடுவே வைஃபையை அணைத்துப் பாருங்கள். விற்பனையாளரின் முகம் மாறுவதே பாதி விடை.

மருத்துவர் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் நோயாளியை எப்போது பார்ப்பது?

நியாயமான அச்சம். நான்கு நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் ஓ.பி.யில், மருந்துச்சீட்டு எழுதப் பத்துப் பன்னிரண்டு சொடுக்குகள் கேட்கும் மென்பொருள் பிழைக்காது. அடிக்கடி எழுதும் மருந்துத் தொகுப்புகளை வார்ப்புருவாகச் சேமித்து, ஒரே சொடுக்கில் அழைத்து, அளவை மட்டும் மாற்றும் வசதி இருக்க வேண்டும். சென்ற முறை எழுதிய சீட்டை அப்படியே எடுத்துத் திருத்தும் வசதி அதைவிட முக்கியம். இரத்த அழுத்தம், தைராய்டு போன்ற நெடுநாள் நோய்களில் பெரும்பாலான சீட்டுகள் பழையதன் நகல்தான். தட்டச்சே வேண்டாம் என்பவர்கள் கையால் எழுதிய சீட்டைப் படமெடுத்துப் பதிவோடு சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்ததில் மருந்தின் பெயரைத் தேட முடியாது என்பது குறை. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலும் அவற்றின் 2016 திருத்தத்திலும் உள்ளவை. மென்பொருளின் மருந்துப் பட்டியல் வணிகப்பெயரோடு பொதுப்பெயரையும் சேர்த்து அச்சிடுகிறதா என்று பாருங்கள்.

தமிழில் அச்சிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'காலை, இரவு, சாப்பிட்ட பின்' என்று தமிழில் வரும் என எல்லோரும் சொல்வார்கள். உங்கள் அச்சுப்பொறியிலேயே, குறிப்பாகச் சிறிய தெர்மல் அச்சுப்பொறியில், 'கொப்பளிக்கவும்' என்ற சொல்லை அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துரு சரியில்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும்.

கிளினிக்கோடு மருந்துக்கடையும் இருக்கிறது. ஒரே மென்பொருள் போதுமா?

ஒரே மென்பொருளாக இருந்தால் மருத்துவர் எழுதிய சீட்டு நேரே கடைத் திரைக்குப் போகும். அது பெரிய வசதி. ஆனால் ஓ.பி. பகுதி நன்றாக இருந்து கடைப் பகுதி ஒப்புக்குச் சேர்க்கப்பட்டதாக இருந்தால், கடைக்குத் தனி மென்பொருள் வைத்துக்கொள்வதே மேல். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பத்து மாத்திரை கொண்ட அட்டையிலிருந்து ஆறை மட்டும் விற்று, அதில் இரண்டைத் திரும்பப் பெற்றுப் பார்ப்பது. பேட்ச் எண், காலாவதி நாள், மீதி இருப்பு மூன்றும் சரியாக நிற்க வேண்டும். அட்டவணை எச்1 மருந்துகளுக்கு (கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய சில ஆன்டிபயாட்டிக் முதலிய மருந்துகள்), எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை மென்பொருள் தானாகத் தயாரிக்க வேண்டும்.

வரியும் வேறுவேறு. மருத்துவ ஆலோசனைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, புறநோயாளிக்கு விற்கும் மருந்துக்கு விலக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த மாற்றத்தை எத்தனை நாளில் செய்து கொடுத்தீர்கள் என்று விற்பனையாளரைக் கேட்டால், அவருடைய சேவையின் தரம் தெரிந்துவிடும்.

ஸ்கேன் வசதியுள்ள மகப்பேறு கிளினிக்குகள் கூடுதலாக எதைப் பார்க்க வேண்டும்?

கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கர்ப்பிணியின் ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய அறிக்கை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் போக வேண்டும். பதிவுகளை இரண்டு ஆண்டுகள் காக்க வேண்டும். கணினியில் பதிந்தாலும், அச்சிட்டுப் பொறுப்பாளர் ஒப்பமிட்ட படி கோப்பில் இருக்க வேண்டும். மென்பொருள் இருக்கிறதே என்று காகிதத்தை நிறுத்திவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும் ஆர்.சி.எச். எண்ணை (கர்ப்பிணியின் அரசுப் பதிவு எண்) பதிய ஒரு கட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'ஆபா' இணைப்பு கட்டாயமா?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அதில் மருத்துவப் பதிவுகளை இணைக்க ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் 14 இலக்க எண்தான் ஆபா. நோயாளிக்கும் கிளினிக்குக்கும் அது விருப்பத்தின்பாற்பட்டது. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. இன்று பயன்படாவிட்டாலும் நாளைக்குப் பயன்படும் என்ற கணக்கில் இணைப்புள்ள மென்பொருளை எடுப்பது நல்லதே. ஆனால் 'இணைந்துவிட்டோம்' என்று சொல்பவர்களிடம் எந்தப் படிநிலைவரை என்று கேளுங்கள். ஆபா எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது முதல் படி; உங்கள் கிளினிக்கின் பதிவுகளை நோயாளியின் கணக்கோடு இணைப்பது இரண்டாவது; நோயாளியின் சம்மதத்தோடு வேறு மருத்துவமனைப் பதிவுகளை உங்கள் திரையில் காண்பது மூன்றாவது. மருத்துவருக்கு உண்மையில் உதவுவது மூன்றாவதுதான். விளம்பரத்தில் பெரிதாக வருவது பெரும்பாலும் முதலாவது.

நோயாளிகளின் தகவல் கசிந்தால் பொறுப்பு மென்பொருள் நிறுவனத்தினுடையதா?

சட்டத்தின் பார்வையில் முதன்மைப் பொறுப்பு உங்களுடையது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன. தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்பவர் கிளினிக். நிறுவனம் உங்கள் சார்பில் அதைக் கையாள்பவர் மட்டுமே. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் விதிக்கக்கூடிய தண்டத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கிளினிக்குக்கு அந்த அளவுக்கு வரும் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆயினும் கசிவு நேர்ந்தால் உங்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தே தீர வேண்டும்.

அன்றாடத்தில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நான்கு பணியாளர்கள் ஒரே பயனர்பெயரில், திரையோரம் ஒட்டிய கடவுச்சொல்லில் நுழைவார்கள். யார் எந்தப் பில்லை அழித்தார், யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதைக் காட்டும் பதிவு இருந்தும் பயனில்லாமல் போகும். ஆளுக்கொரு கணக்கு, வேலையை விட்டுப்போனவரின் கணக்கை அன்றே முடக்குவது, ரிசெப்ஷன் திரையில் நோய்க்குறிப்பு தெரியாதிருப்பது ஆகிய மூன்றையும் மென்பொருள் அனுமதிக்க வேண்டும்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் 1,500 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் ஆண்டுக்கு 18,000; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 21,240, ஐந்து ஆண்டில் 1,06,200. இன்னொருவர் ஒருமுறைக் கட்டணமாக 45,000 கேட்டு, இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக்கு 8,000 கேட்டால், வரியோடு 53,100-உம் நான்கு ஆண்டுக்கு 37,760-உம் சேர்ந்து 90,860 ஆகும். அத்தோடு கணினி, யு.பி.எஸ்., பேக்கப் வட்டு எல்லாம் உங்கள் செலவு. ஆலோசனைக் கட்டணம் வரிவிலக்குப் பெற்றது என்பதால் அந்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் முடியாது. விலையோடு சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது மருத்துவர் வந்தால் கட்டணம் இரட்டிப்பாகுமா, குறுஞ்செய்திக்குத் தனிக்கட்டணமா, உங்கள் பெயரில் வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டி.எல்.டி. தளத்தில் அனுப்புநர் தலைப்பையும் செய்தி வாசகங்களையும் பதிவு செய்யும் வேலையை யார் செய்வது என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எதை விடவே கூடாது?

வெளியேறும் வழியை. மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம், பிறகு சரிசெய்யலாம். உங்கள் தரவை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாத மென்பொருளை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

'தரவு உங்களுடையதே' என்று எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் தருவார்கள் என்பதுதான் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக் மென்பொருள் மாற முடிவெடுத்தபோது, பழைய நிறுவனம் கேட்டபடியே எல்லாவற்றையும் தந்தது: நோயாளிக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான பி.டி.எஃப். கோப்புகள், பெயர்களுக்குப் பதில் வெறும் எண்கள். படிக்கலாம், எந்தப் புது மென்பொருளிலும் ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தை அந்த நிறுவனம் மீறவும் இல்லை.

இதைச் சோதிக்கும் நேரம், பணம் கட்டுவதற்கு முன். சோதனைக் கணக்கில் பத்துக் கற்பனை நோயாளிகளைப் பதிந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வருகைகளையும் சீட்டுகளையும் ஆய்வக முடிவுகளையும் ஏற்றுங்கள். பிறகு முழுவதையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லி, வந்த கோப்பை எக்செலில் திறங்கள். ஒவ்வொரு வருகையும் உரிய நோயாளியின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறதா? ஏப்ரல் 3 என்ற தேதி மார்ச் 4 ஆகிவிட்டதா? தமிழில் எழுதிய குறிப்புகள் கேள்விக்குறிகளாக மாறினவா? ஏற்றிய ஸ்கேன் படங்கள் வந்தனவா, இல்லை இணைப்பு முகவரி மட்டும் வந்ததா? 'அதை எங்கள் தொழில்நுட்பக் குழு பிறகு செய்துதரும்' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தா தவறினால் பதிவுகளைப் பார்க்கவாவது அனுமதி எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நோயாளி தம் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற 2002 விதி, உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்பதைக் காரணமாக ஏற்காது.

இலவசத் திறந்தமூல மென்பொருள்களைப் பயன்படுத்தலாமா?

நிரல் எவருக்கும் திறந்திருக்கும் நோயாளிப் பதிவு மென்பொருள்களில் ஓப்பன்எம்ஆர்எஸ், அதன்மேல் கட்டப்பட்ட பாம்னி ஆகியவை நம்பத்தக்கவை. பாம்னி இந்தியச் சூழலில் பிறந்தது. உரிமக் கட்டணம் இல்லை, தரவு முழுக்க உங்கள் கையில் இருக்கும். ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத ஒற்றை மருத்துவர் கிளினிக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய நோட்டுகள், கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டுமா? எப்போது மாறுவது?

மொத்தமாக ஏற்றப் புறப்பட்டவர்களில் முடித்தவர்கள் குறைவு. தொடர்ந்து வரும் நெடுநாள் நோயாளிகளை மட்டும், அவர்கள் அடுத்த முறை வரும்போது, ஒவ்வாமை, நோய்ப்பட்டியல், தற்போதைய மருந்துகள் ஆகியவற்றோடு ஏற்றினால் போதும். பழைய கோப்பின் எண்ணைப் புதுப் பதிவில் ஒரு வரியாகக் குறித்துவிட்டால், தேவைப்பட்டபோது அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 அன்று தொடங்கினால் கணக்குத் தணிக்கையாளருக்கு வசதி; காய்ச்சல் பெருகும் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் டோக்கன் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்து, பில்லை மட்டும் நோட்டிலும் எழுதி, இரவு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்ந்து ஏழு நாட்கள் வித்தியாசம் இல்லாமல் ஒத்துப்போனால் நோட்டை மூடிவிடலாம்.